தொண்ணூறு கிலோவுக்குள் பாஷா பாய்

ஃபேக்டரி மெடிக்கல் ரூமில் புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸ் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், தீக்காயத்தைப் பற்றியும் நசுங்கிய விரலைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். அதெல்லாம் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வெனிலா வாசனை அடிக்கும் ஒரு பவுடர் என்னை எப்படி முட்டாளாக்கியது, நான் என் பங்குக்கு இன்னொருவரை எப்படி முட்டாளாக்கினேன் என்பதுதான் அது.

ஓசூரில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியின் மெடிக்கல் ரூமில் இருபத்தாறு வருடம் இருந்தேன். சிங்காரப்பேட்டையிலிருந்து வேலைக்கு வந்த புதிதில், யூனிஃபார்ம் தைத்த டெய்லர் என்னை அளந்துவிட்டுத் துணி மிச்சம் என்றார். தொண்ணூற்றைந்தாம் வருடத்தைத் தாண்டியபோது நான் எண்பத்துநாலு கிலோ. உட்கார்ந்த வேலை ஒரு காரணம். எங்கள் கேன்டீன் மாஸ்டரின் குருமா இன்னொரு காரணம். பிரஷர் இருக்கிறவர்களிடம் எடையைக் குறையுங்கள் என்று நான் சொன்னால், தலையிலிருந்து கால்வரை என்னை ஒரு முறை பார்ப்பார்கள். அறிவுரை அதோடு முடிந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து பவுடர் வந்து இறங்கியது. எங்கள் பர்சனல் ஆபீசர் சந்தானத்தின் மனைவி அதை வீட்டில் வைத்து விற்றார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு ஹாலில் கூட்டம் நடக்கும். கோட்டு போட்ட ஒருவர் வந்து விளக்குவார். காலையில் டிபனுக்குப் பதில் ஒரு டம்ளர், ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் ஒரு டம்ளர், நடுவில் பச்சை நிறத்தில் மூலிகை மாத்திரை இரண்டு. யாராவது சந்தேகம் கேட்டால் அவர் பதில் சொல்ல மாட்டார், கைதட்டுவார். கூடவே எல்லோரும் தட்டுவோம். நர்சிங் படித்த நானும் தட்டினேன்.

முதல் மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தேன். பொய் சொல்லவில்லை, குறைந்தேன். உடனே என்னைப் படம் பிடித்து நோட்டீஸில் போட்டார்கள், முன்பு ஒன்று, பின்பு ஒன்று. இரண்டும் ஒரே நாளில் எடுத்தவை. முதல் படத்துக்கு மூச்சை வெளியே விடச் சொன்னார்கள், இரண்டாவது படத்துக்கு உள்ளே இழுக்கச் சொன்னார்கள். அந்த நோட்டீஸை மெடிக்கல் ரூம் சுவரில், தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் நானே ஒட்டினேன். மூடி போட்ட பிளாஸ்டிக் குலுக்கி ஒன்று பவுடரோடு கொடுப்பார்கள். அதை மேஜை மேல் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருந்தேன்.

பாஷா பாய் எங்கள் ஃபோர்ஜ் ஷாப்பின் கிரேன் ஆபரேட்டர். கிருஷ்ணகிரிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கூரைக்கு அடியில் முப்பதடி உயரத்தில் ஓடும் அந்தக் கிரேனின் கேபினில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவர். டன் கணக்கில் எடையுள்ள டையை, அதாவது பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்து உருவாக்கும் அச்சை, தூக்கிப் பிரஸ்ஸில் இறக்கும்போது ஒரு சத்தம் வராது. தொட்டிலில் பிள்ளையைப் போடுகிற மாதிரி இருக்கும். கீழே அவர் எல்லோரையும் போல ஒரு தொழிலாளி. மேலே ஏறிவிட்டால் மேனேஜர்கூட அண்ணாந்துதான் பேச வேண்டும்.

ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள் மூன்று மாதத்துக்குள் தொண்ணூறு கிலோவுக்குள் வர வேண்டும், வராதவர்கள் தரைக்கு மாற்றப்படுவார்கள். யார் யார் தாண்டுகிறார்கள் என்று எடை பார்த்துப் பட்டியல் போட்டது நான்தான். பட்டியலில் ஒரே பெயர். பாஷா பாய், தொண்ணூற்றேழு.

அன்று மத்தியானமே அவர் வந்தார். குலுக்கியைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சுவரில் இருந்த என் படத்தைப் பார்த்தார்.

“சிஸ்டர், இது நான் குடிக்கலாங்களா?”

“நானே குடிக்கிறேன் பாய். உங்களுக்கு என்ன?” என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரையைப் போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். இதெல்லாம் அவருடைய மெடிக்கல் கார்டில் இருந்தது. எழுதியிருந்த கையெழுத்து என்னுடையது. கார்டு இருந்த அலமாரி என் நாற்காலிக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரம். நான் கை நீட்டவில்லை. செவ்வாயும் வெள்ளியும் வருகிற டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கேட்டால் சிரிப்பார் என்று தெரியும். டாக்டர் என் நோட்டீஸை முதல் நாளே பார்த்துவிட்டு, எந்த நாடகக் கம்பெனி என்று விசாரித்தவர்.

பாய் தினமும் வேலைக்கு ஏறுமுன் மெடிக்கல் ரூமுக்கு வந்து எடை பார்ப்பார். செருப்பைக் கழற்றுவார், பெல்ட்டைக் கழற்றுவார், பாக்கெட்டிலிருந்து பீடிக்கட்டை எடுத்து மேஜையில் வைப்பார். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றுமூன்று என்று முள் இறங்க இறங்க, நான் கைதட்டிக் காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை கற்ற வித்தை. அவருடைய மனைவி ஷமீம் அக்கா ஒரு நாள் கேட் வரைக்கும் வந்து என்னைக் கூப்பிட்டு, பாய் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை, என்ன வைத்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறார், தன் மேல் ஏதாவது கோபம் என்று என்னிடம் சொன்னாரா என்று கேட்டார். சர்க்குலர் விஷயம் அந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. கோபமெல்லாம் ஒன்றுமில்லை, உடம்பைக் குறைக்கிறார் என்று நான் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டேன்.

கடைசி எடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முள் தொண்ணூற்றொன்றரையில் நின்றுவிட்டது. அசையவில்லை. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு பாய் கேபினிலிருந்து இறங்கி வந்தார். மேஜையில் ஊன்றிய உள்ளங்கை ஈரத் தடம் பதித்தது, விரல்கள் நடுங்கின. ஒரு மாதிரி படபடவென்று இருக்கிறது என்றார். அது ஜனவரி மாதம். ஓசூர் குளிர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குளிரில் வியர்த்து நடுங்கும் சர்க்கரை நோயாளியைப் பார்த்தால் முதலாண்டு மாணவிக்குக்கூட மணி அடித்திருக்கும். எனக்குக் கோட்டுக்காரர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

“கொழுப்பு கரையுது பாய். அப்படித்தான் இருக்கும்,” என்றேன்.

அவருக்கும் அதைக் கேட்டுச் சந்தோஷம். வேகமாகக் கரையட்டும் என்று, மத்தியானச் சாப்பாட்டையும் அன்றிலிருந்து நிறுத்திவிட்டார். பிறகு பவுடரையும் ஒரு வேளையாக்கிவிட்டார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி எடை. புதன்கிழமை காலை பத்தரைக்கு ஷாப்பிலிருந்து ஆள் ஓடிவந்தான். நான் போனபோது பிரஸ் எல்லாம் நின்றுவிட்டிருந்தது. பிரஸ் ஓடாத ஃபோர்ஜ் ஷாப்பை நான் அதுவரை கேட்டதில்லை. கிரேன் ஷாப்பின் கோடியில், ஏணிக்கு நேராக நின்றிருந்தது. கொக்கியில் டை தொங்கிக்கொண்டிருந்தது. பிரஸ்ஸுக்குப் போக வேண்டிய டையை பாய் எதிர்ப்பக்கம் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். கீழே சிக்னல் காட்டுகிறவன் விசில் ஊதியும் நிற்கவில்லை. அந்தப் பக்கம் வேலை செய்த நாலு பேர் சிதறி ஓடியிருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சை அணைத்ததும்தான் கிரேன் நின்றது. கேபினிலிருந்து பாய் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வார்த்தைகள் குழறின.

ஷிஃப்ட் சூப்பர்வைசர் முனிராஜ் பாகலூர்க்காரர். பதறினால் பாதி கன்னடம் பாதி தமிழ். “ஏனாய்து, என்ன ஆச்சு அந்த ஆளுக்கு? காலங்காத்தாலயே போட்டுட்டு வந்துட்டாரு சிஸ்டர். செக்யூரிட்டிய அனுப்பி எறக்கறேன்,” என்றார்.

பாய் வாழ்க்கையில் குடித்தவர் இல்லை. அதைச் சொல்லி வாதாட நேரமில்லை. வியர்வை, நடுக்கம், குழறல், கோபம். போன வாரம் அவர் என் மேஜையில் வைத்த ஈர உள்ளங்கையின் தடம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. டாக்டருக்கு ஃபோன் போட்டார்கள், ஆஸ்பத்திரியில் ரவுண்ட்ஸில் இருப்பதாகப் பதில் வந்தது. இனி நான்தான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷின் ஒன்றை டாக்டர் சண்டை போட்டு வாங்கித் தந்திருந்தார். பார்த்துவிட்டுக் கொடுப்பதா, கொடுத்துவிட்டுப் பார்ப்பதா? நான் நினைத்தது தப்பாக இருந்தால், ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரால் யாரும் சாகப்போவதில்லை. சரியாக இருந்தால், ஒவ்வொரு நிமிஷமும் அவருடையது. செக்யூரிட்டி மேலே போய் இழுத்தால், அந்த நிலையில் அவர் முரண்டு பிடிப்பார், ஏணியிலிருந்து விழுவார். யாரும் அவரைத் தொடக் கூடாது, டைக்குக் கீழே ஒருத்தரும் நிற்கக் கூடாது, நான் மேலே போகிறேன் என்றேன். முனிராஜ் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான்.

கேன்டீனிலிருந்து சூடு ஆறிய பால் டீயும் சர்க்கரை டப்பாவும் வந்தன. கீழே சிந்தாமல் கொண்டுபோக மூடியுள்ள பாத்திரம் வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, மெடிக்கல் ரூம் மேஜையில் இருந்த அந்தக் குலுக்கி; ஆளை அனுப்பி எடுத்துவரச் சொன்னேன். டீயில் ஆறு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குலுக்கினேன். அதையும் சர்க்கரை மெஷினையும் குளுக்கோஸ் ஊசி மருந்தையும் தோள்பையில் போட்டேன். யூனிஃபார்ம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். பின்னால் ஒரு ஃபிட்டர் வந்தான். நான் விழுந்தால் பிடிக்க வருகிறேன் என்றான். நல்ல பையன், கணக்கில் மட்டும் பலவீனம். நான் விழுந்தால் அவனும் சேர்ந்துதான் போவான்.

கேபினில் பாய் சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தார். கண் என்னைப் பார்த்தது, ஆனால் அடையாளம் தெரிய நேரமாயிற்று. முதலில் என்னை வெளியே போகச் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு வார்த்தையும் சொன்னார், அதை எழுத மாட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பினார். எச்சிலை விழுங்கச் சொன்னேன், விழுங்கினார். விழுங்க முடிகிறவருக்கு வாய் வழியாகக் கொடுக்கலாம், முடியாதவருக்கு ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். மூடியைத் திறந்து நீட்டினேன்.

அவர் கையால் தள்ளினார். “சக்கர வேண்டாம். வெயிட் ஏறிடும். வெள்ளிக்கெழம வெயிட்டு.”

எனக்கு அந்த நிமிஷம் அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை, நேரமில்லை. உயிர் போகிற நிலையில் இந்த மனிதருக்கு ஞாபகம் இருந்தது என் எடை மெஷின் ஒன்றுதான். டீ என்று சொன்னால் குடிக்க மாட்டார். வாயைப் பிளந்து ஊற்றவும் முடியாது. அந்த ஆட்டத்தில் ஊசி போட நரம்பும் கிடைக்காது.

“சக்கர இல்ல பாய். இது பவுடர்தான். பாருங்க, நம்ம குலுக்கி. ஒரு டம்ளர் குடிச்சா தொண்ணூறுக்குக் கீழ போயிடுவீங்க.”

குலுக்கியைப் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கிக் கடகடவென்று குடித்தார். குடித்துவிட்டு, இன்னிக்கி நல்லா இருக்குது என்றார்.

பத்து நிமிஷத்தில் குழறல் நின்றது. பதினைந்தாவது நிமிஷம் விரலில் குத்திப் பார்த்தேன், அப்போதும் மெஷின் அறுபதைத் தொடவில்லை, எழுபதுக்கு மேல் வர வேண்டும். பிஸ்கட்டை மேலே அனுப்பச் சொல்லிக் கொடுத்தேன். கீழேயிருந்து புரொடக்‌ஷன் மேனேஜர் இன்னும் எவ்வளவு நேரம் என்று இரண்டு முறை கேட்டார். அரை மணி நேரம் என்று கத்தினேன். அரை மணி நேரம் பிரஸ் லைன் எனக்காக நின்றது. அவ்வளவு அதிகாரம் எனக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

சர்க்கரை ஏறி, கை நடுக்கம் போய், நான் திருப்தியான பிறகு பாய் எழுந்து நின்றார். எழுந்திருக்க முடியாமல் இருந்தது நான். ஏறும்போது தெரியாத உயரம் அப்போதுதான் தெரிந்தது. ஃபிட்டரை முதலில் இறக்கிவிட்டு, அடுத்து பாய் இறங்கினார். எனக்கு இரண்டு படி கீழே நின்று, என் காலை ஒவ்வொரு படியிலும் கையால் எடுத்து வைத்தார்.

“கீழ பாக்காதீங்க சிஸ்டர். கம்பிய மட்டும் பாருங்க,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நோயாளியைக் காப்பாற்றப் போன நர்ஸை நோயாளி இறக்கிக்கொண்டு வருவதை ஷாப் முழுக்க நின்று பார்த்தது.

சாயங்காலம் சந்தானம் மெடிக்கல் ரூமுக்கு வந்தார். முனிராஜின் ரிப்போர்ட்டில் குடிபோதை என்று இருந்தது. அதை எடுத்துவிடலாம், பாய்க்கு ஒரு கெட்ட பெயரும் வராது, நான் ரிஜிஸ்டரில் வெப்பத்தால் மயக்கம் என்று எழுதினால் போதும் என்றார். முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு இதைச் சொன்னார். பிறகு சுவரைக் காட்டினார்.

“அந்த நோட்டீஸ்ல இருக்கிறது உங்க மொகம் சிஸ்டர். என் சம்சாரம் மொகம் இல்ல. யோசிச்சு எழுதுங்க.”

யோசித்தேன். உங்களிடம் வீரம் பேச மாட்டேன், அரை மணி நேரம் யோசித்தேன். வெப்பம் என்று எழுதினால் பாய் நாளைக்கே மேலே ஏறுவார், வெள்ளிக்கிழமை எடைக்காக மறுபடி பட்டினி கிடப்பார். அடுத்த முறை டைக்குக் கீழே ஆள் இருக்கலாம். அதனால் நடந்ததை எழுதினேன். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு உணவைத் தவிர்த்ததால் ரத்தச் சர்க்கரை குறைந்தது. எடை குறைக்கும் பவுடரை உணவுக்குப் பதிலாக எடுத்தார். டாக்டரைக் கேட்காமல் அதற்கு ஒப்புக்கொண்டது நான். போன வாரமே அறிகுறி இருந்தது, நான் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். நோட்டீஸைச் சுவரிலிருந்து கிழித்தேன். நன்றாகவே ஒட்டியிருந்தேன் போலிருக்கிறது, கூடவே சுண்ணாம்பும் வந்தது.

எனக்கு மெமோ வந்தது. ஃபேக்டரிக்குள் எந்த டப்பாவும் விற்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. சந்தானம் அதற்குப் பிறகு தலைவலி மாத்திரைக்குக்கூட என்னிடம் வரவில்லை. என் ஐந்து கிலோ அடுத்த தீபாவளிக்குள் திரும்பி வந்துவிட்டது, துணைக்கு இன்னும் மூன்றைக் கூட்டிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து ரிஜிஸ்டரைப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் இரண்டாவது முறையும் படித்துவிட்டு, பாயையும் அவர் மனைவியையும் வரச் சொன்னார். ஷமீம் அக்கா பர்தாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று மாதமாக என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் வேளை வாரியாகக் கேட்டார். நான் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பாய் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்த அம்மாவின் முகம் மாறியது.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் பாத்து ஆக்கிக் குடுத்திருப்பேனே. என் கைச்சோறு புடிக்காமப் போச்சுன்னுல்ல மூணு மாசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

பாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கீழ எறக்கிடுவாங்கன்னு உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்.”

டாக்டர் மாத்திரையை மாற்றினார், சாப்பாட்டுக்கு நேரம் குறித்துக் கொடுத்தார். பிறகு ஃபிட்னஸ் ஃபாரத்தை என் பக்கம் நகர்த்தினார். பார்த்தது நீ, நீயே எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அன்றைக்கு அவர் கொடுத்த தண்டனை அது ஒன்றுதான். உயரத்தில் வேலை செய்யத் தகுதியில்லை என்று எழுதினேன். தொண்ணூறு கிலோவைத் தாண்டியதால் அல்ல, சர்க்கரையால். எடை என்றால் குறைத்துவிட்டுத் திரும்ப ஏறலாம். இதற்குத் திரும்ப ஏறும் வழி இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மூன்று மாதம் பட்டினி கிடந்து எதைக் காப்பாற்றப் பார்த்தாரோ, அதை ஒரு வரியில் எடுத்துக்கொண்டேன்.

பாய் அதன் பிறகு எட்டு வருடம் தரையில் நின்று கிரேனுக்கு சிக்னல் காட்டினார். ஒரு நாளும் மயங்கவில்லை. என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை, பிறகு பேசினார். அதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று ஃபாரத்தை வாங்கி முழுவதும் படித்தார். மனைவியை முன்னால் போகச் சொல்லிவிட்டு, இடுப்பு பெல்ட்டிலிருந்து கேபின் சாவியைக் கழற்றினார். அதை முனிராஜிடம் கொடுத்திருக்க வேண்டும். என் மேஜையில் வைத்தார்.

“மேல ஃபேன் சுவிட்சு லூசா இருக்குது சிஸ்டர். கைய வெச்சா ஷாக் அடிக்கும்,” என்றார். “வர்றவன்கிட்ட சொல்லிருங்க.”